மோட்டார் சைக்கிளும் முன்மதியும்

1986-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு. திருச்சுழிக்குத் தெற்கே கரிசல் காட்டின் நடுவிலுள்ள ஒரு கிளைக் கிராமத்திலிருந்து இளைஞர் ஒருவர் மிதிவண்டியில் பங்கு இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். நனைந்த சட்டை, முழங்கால் வரை சேறு. தம் தாயார் இறக்கும் தறுவாயில் இருப்பதாகவும், சாமி உடனே வந்து நோயில்பூசுதல் அளிக்க வேண்டும் என்றும் மூச்சு வாங்கக் கூறினார். அப்போது அப்பங்கில் உபதேசியாராக இருந்த நான் பூசுதல் எண்ணெய்ச் சிமிழும் திருவழிபாட்டு நூலும் அடங்கிய பையை எடுத்துக்கொண்டேன். பங்குத்தந்தை தம் பழைய புல்லட் வண்டியை உதைத்துக் கிளப்பினார். மணி ஒன்பதரை.

பாதி வழி வரை வண்டி குறையின்றி ஓடியது. பிறகு இருமத் தொடங்கியது. இரண்டு முறை குலுங்கி, நின்றே போயிற்று. உதைத்தோம், தள்ளினோம். கரிசல் சேறு சக்கரத்திற்கும் மட்காடிற்கும் இடையே அப்பிக்கொண்டு, தள்ளவும் விடவில்லை. சீமைக் கருவேல மரங்களுக்கிடையே கரிமூட்டம் போட்டுக் காவலிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கைவிளக்கின் ஒளியைக் கண்டு வந்தார். முன்னாளில் லாரியில் உதவியாளாக இருந்தவர் அவர். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினார். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது. "இத்தனை நாளும் இதைத் திறந்து பாக்கவே இல்லையா சாமி?" என்று கேட்டார். சாமி பதில் சொல்லவில்லை.

கிராமத்தை அடைந்தபோது நள்ளிரவு கடந்து அரை மணி. அந்தத் தாயார் அதற்குச் சற்று முன்புதான் கண்ணை மூடியிருந்தார். இறந்தோருக்கான மன்றாட்டுகளைச் சொல்லி முடித்தோம். மகன் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். ஒரு சொல்லேனும் குறை கூறவில்லை. அதுவே எங்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை பங்குத்தந்தை வண்டியை அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றார். இம்முறை விட்டுவிட்டு வருவதற்கு அன்று. அருகில் அமர்ந்து கற்றுக்கொள்வதற்கு. அவருடன் நானும் கற்றேன். அன்று கற்றதையும், பின்னர்ப் படித்தும் பழகியும் அறிந்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குருவானவர் கண்ட தத்துவம்

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் நன்கு எரியாது. அது காற்றோடு நுண்துளிகளாகக் கலக்க வேண்டும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டியிருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? இந்தக் கலவையை நொடிதோறும் அளந்து கொடுக்கும் சிறு கலமே கார்புரேட்டர்.

அதன் வேலைக்கு அடிப்படையான உண்மையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா வெந்தூரி 1746-இல் பிறந்து, 1769-இல் குருப்பட்டம் பெற்றவர். மோதனா நகரில் பேராசிரியராக விளங்கியவர். ஓடும் நீர் குறுகிய வழியில் நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது என்பது பற்றிய தம் சோதனைகளை 1797-இல் பாரிசில் நூலாக வெளியிட்டார். நடுவில் ஒடுங்கிய குழாய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. காற்றுக்கும் இதே விதிதான். ஒடுங்கிய இடத்தில் விரையும் காற்று, அழுத்தம் குறைந்தமையால், கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்துச் சிதறடிக்கிறது.

இவ்வுண்மையைக் கொண்டு 1893-இல் அங்கேரி நாட்டுப் பொறியாளர்களான தொனாத் பாங்கி, யானோசு சோங்கா இருவரும் தெளிப்பு முறைக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினர். பூக்காரச் சிறுமி ஒருத்தி மலர்கள் மீது நீர் தெளித்ததைக் கண்டே இவ்வெண்ணம் பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் செருமனியில் வில்லெம் மைபாக் என்பவரும் இத்தகைய கருவியைச் செய்தார். இதற்கெல்லாம் முன்பே, 1853-இல், பள்ளி ஆசிரியரான எவுசேனியோ பர்சாந்தி என்ற குருவானவர் தம் நண்பர் பெலிச்சே மத்தேயுச்சியுடன் சேர்ந்து, எரிவாயுவை உருளைக்குள் எரித்து இயக்கும் எஞ்சினைப் பற்றிய குறிப்பை பிளாரன்சு நகரக் கழகம் ஒன்றில் ஒப்படைத்தார். பட்டறையின் கறை படிந்த பலகையருகே நிற்கும் இளைஞன் தன் தொழில் திருச்சபைக்குத் தொலைவானது என்று எண்ண வேண்டியதில்லை.

உறுப்புகளை அறிவோம்

புல்லட் வண்டியின் வரலாறு நம் மாநிலத்தோடு பின்னிப் பிணைந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் என்பீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து இவ்வண்டியைச் சென்னையில் உருவாக்கத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலை பெயர் பெற்றது. இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தது. பழைய வண்டிகளில் அமால் கார்புரேட்டரும், பிற்காலத்தவற்றில் மிக்கார்ப் கார்புரேட்டரும் இருக்கும். மைசூரில் உருவான ஜாவா வண்டியில் ஜிகோவ். பெயர்கள் வேறாயினும் அடிப்படை ஒன்றே.

கீழே இருப்பது கிண்ணம். அதற்குள் மிதவை ஒன்று உண்டு. கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து, சிறு ஊசியால் பெட்ரோல் வழியை அடைக்கும். அளவு குறைந்ததும் திறக்கும். நம் கிராமக் கண்மாயின் மடையைக் காவலர் திறந்து அடைப்பது போன்றதே இது. மேலே, ஆக்சிலேட்டர் கம்பியால் ஏறி இறங்கும் ஸ்லைடு. அதிலிருந்து தொங்கும் நீண்ட ஊசி. அந்த ஊசியின் தலையில் வரிசையாகக் காடிகள்; ஏதேனும் ஒன்றில் கிளிப் மாட்டப்பட்டிருக்கும்.

பெட்ரோல் வரும் வழிகள் பல. வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது பைலட் ஜெட் எனப்படும் மிக நுண்ணிய துளை வழியாக வருகிறது. ஆக்சிலேட்டரைக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திருகும்போது ஊசியின் உயரமே அளவைத் தீர்மானிக்கிறது. முழுவதும் திருகினால் மெயின் ஜெட் ஆட்சி செய்கிறது. எந்த நிலையில் வண்டி தொல்லை தருகிறது என்று கவனித்தால், எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடும். இதை அறியாமல் எல்லாத் திருகாணிகளையும் ஒருசேரத் திருகுவதே நம்மவர் செய்யும் முதற்பிழை.

சீரமைக்கும் முறை

பட்டறை ஆசான் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் இது: "சாமி, திருப்புளியை இப்பக் கீழ வைங்க. பிளக்கைக் கழத்துங்க, பில்டரைப் பாருங்க. அது ரெண்டும் சரியில்லாம இதைத் தொடக்கூடாது." பொறி பலவீனமாக இருந்தாலும், காற்று வடிகட்டி அடைபட்டிருந்தாலும், வால்வு இடைவெளி தவறியிருந்தாலும் கார்புரேட்டரைக் குறை கூறுவது வீண். கார்புரேட்டர் எஞ்சினோடு சேருமிடத்தில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் அதன் விளிம்பு வளைந்து, கசிவு அங்கேயே தொடங்கும்.

அடுத்தது தூய்மை. பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணத்தைக் கழற்றி, அடியிலுள்ள வண்டலையும் நீரையும் கொட்டிக் கழுவ வேண்டும். ஜெட்டுகளைப் பெட்ரோலில் ஊற வைத்து, காற்றால் ஊத வேண்டும். இரும்புக் கம்பியால் குத்தலாகாது. மயிரிழை அளவு துளை பெரிதானாலும் அந்த ஜெட் பயனற்றுப் போகும். இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். அருகில் அடுப்போ, விளக்கோ, பீடியோ கூடாது.

பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை நன்கு சூடேற்றுக. குளிர்ந்த எஞ்சினில் செய்யும் சீரமைப்பு நிலைக்காது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்லைடைத் தாங்கும் திருகாணியைச் சற்று உள்ளே திருகி வேகத்தைக் கொஞ்சம் கூட்டுக. இப்போது காற்றுத் திருகாணி. எஞ்சினை நிறுத்தி, அதை மெதுவாக, முட்டும் வரை மட்டுமே, உள்ளே திருகுக. இறுக்கினால் முனை கெடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்புக. அங்கிருந்து கால் கால் சுற்றாக உள்ளும் புறமும் திருகி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்து ஒலியைக் கேட்க வேண்டும். எஞ்சின் எவ்விடத்தில் மிக வேகமாகவும் ஒரே சீராகவும் ஓடுகிறதோ, அதுவே சரியான இடம். வேகம் மிகுந்துவிட்டால் முதல் திருகாணியால் குறைத்து, மீண்டும் ஒருமுறை காற்றுத் திருகாணியைச் சோதிக்க வேண்டும்.

இவ்வகைக் கார்புரேட்டரில் திருகாணியை உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும்; வெளியே திருகினால் காற்று மிகும். பிற்கால வண்டிகள் சிலவற்றில் இத்திருகாணி பெட்ரோலை ஆள்வது. அங்கே திசை நேர்மாறு. எப்படித் திருகினாலும் ஒலியில் மாற்றமே இல்லை என்றால், பைலட் ஜெட் அடைபட்டிருக்கிறது என்று பொருள். மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.

இறுதியில் பிளக்கின் சாட்சியம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, கை சுடாமல் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் நிறமாயின் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டனுக்கே கேடு வரும். ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். மேலே மாற்றினால் குறையும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இது பொறுமையின் பள்ளி.

இரண்டு எஞ்சின் உருளைகளும் இரண்டு கார்புரேட்டர்களும் உடைய வண்டிகளும் உண்டு. 1983-இல் வெளிவந்த ராஜ்தூத் 350 அத்தகையது. அங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்தால் போதாது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில், ஒரே அளவில் எழ வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் ஓர் உருளை உழைக்க, மற்றது இழுபடும்; வண்டி நடுங்கும். கணவன் மனைவியருக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ!

கரிசல் பூமியின் சோதனைகள்

நூல்களில் எழுதியிருப்பது வேறு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானிலை வேறு. பங்குனி முதல் ஆவணி வரை இங்கே கரிசல் மண் மாவாக எழும்புகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று என்றோமே, அத்தனை காற்றும் இப்புழுதியின் நடுவிலிருந்தே வர வேண்டும். வடிகட்டி அடைபட்டால் காற்றுக் குறைந்து, பெட்ரோல் மிகுந்து, வண்டி கரும்புகை கக்கும். வடிகட்டியே வேண்டாமென்று கழற்றி எறிந்தாலோ, புழுதி உள்ளே புகுந்து உருளையை அரம் போல் தேய்த்துவிடும். பிற ஊர்களில் மாதம் ஒருமுறை பார்ப்பதை இங்கே கோடையில் வாரம் ஒருமுறை பார்ப்பது நலம்.

வெப்பம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே கோடை நண்பகலில் கலவை சற்றே பெட்ரோல் மிகுந்ததாக மாறும். மார்கழி விடியலில் அதுவே எதிராகும். அப்போது சோக்கின் துணை வேண்டும். இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காண விரும்புவோர் கொடைக்கானலுக்குச் சென்று வந்தவர்களைக் கேட்கட்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அம்மலையில், நம் சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி மூச்சு முட்டித் திணறும். குறை வண்டியில் இல்லை; காற்று மெலிந்துவிட்டது.

மழைக்காலத்தில் நீர்தான் பகை. எங்கள் வண்டியை நிறுத்தியது, முந்திய நாள் வழிக்கடை ஒன்றில் பாட்டிலில் வாங்கி ஊற்றிய பெட்ரோல். ஆனால் கடைக்காரர்மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. கிண்ணத்தை மாதம் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அந்த நீர் என்றோ வெளியேறியிருக்கும்.

இன்று இச்சிக்கல் புது வடிவம் பெற்றுள்ளது. 2025-ஆம் ஆண்டளவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவலாயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் அது பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு அடியில் தங்கிவிடும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வளையங்களும் அதனால் ஊறி உப்பவோ வெடிக்கவோ கூடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், பழைய அளவில் வைத்த கலவை சற்றுக் காற்று மிகுந்ததாக ஆகிவிடும். ஆகையால் பழைய வண்டி வைத்திருப்போர் ரப்பர் பொருள்களை மாற்றி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து, தேவையானால் ஊசியை ஒரு காடி உயர்த்திக்கொள்வது நல்லது. பல நாள் ஓட்டாமல் வைக்க நேர்ந்தால், பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு நிறுத்த வேண்டும்.

குடும்பத்திற்கு என்ன பயன்?

'இது மெக்கானிக்கின் வேலை, எமக்கேன்?' என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தந்தால் 15 லிட்டர் போதும். சீர்கெட்டு 30 ஆகக் குறைந்தால் 20 லிட்டர் வேண்டும். லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் விற்கும் இந்நாளில், மாதம் 500 ரூபாய் புகையாகப் போகிறது. நெசவுத் தறியின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் குடும்பத்திற்கும், மிளகாய்க் காட்டில் களையெடுக்கும் குடும்பத்திற்கும் இது சிறு தொகையா?

பணத்தைவிடப் பெரியது உயிர். பெட்ரோல் மிகுந்த கலவை முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே வீட்டின் உள்ளேயோ அடைத்த கொட்டகையிலோ எஞ்சினை ஓட விடுவது பேராபத்து. மழை நாளில் வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்கும் பிள்ளைகளைத் தாய்மார் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளால், புது வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. சுற்றுப்புறத்திற்கு அது நல்லதே. எனினும் நம் கிராமங்களில் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. புதுவண்டி வாங்க இயலாதவர்களே அவற்றை நம்பியிருக்கின்றனர். அவற்றைச் சீரமைக்கத் தெரிந்த கைகளோ குறைந்து வருகின்றன. அக்கலையை இளைஞர் சிலராவது கற்றுக்கொள்வது ஏழைகளுக்குச் செய்யும் தொண்டாகும்.

ஊர்தியும் மறைப்பணியும்

ஊர்தி இல்லாமையால் உயிர் போனதைக் கண்டு உள்ளம் உருகிய மற்றொரு குருவானவரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. செருமானியரான பவுல் சூல்தே, அமல மரி தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். அவருடைய நண்பரான ஓட்டோ பூர்மன் என்ற மறைப்பணியாளர் 1925-இல் ஆப்பிரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் நோயுற்றார். மருத்துவரிடம் விரைந்து சேர்க்க ஊர்தி இல்லாமையால் மாண்டார். அத்துயரத்தை அழுது தீர்த்துவிடாமல், மறைப்பணித் தளங்களுக்கு மோட்டார் சைக்கிள், கார், படகு, விமானம் ஆகியவற்றை வழங்குவதற்கென 1927-இல் சூல்தே ஓர் அமைப்பை நிறுவினார். 'மிவா' என்னும் அப்பெயர் இன்றும் பல நாட்டு மறைப்பணியாளர்க்கு அறிமுகமானது.

நம் பகுதிக்குக் கிழக்கே ஓரியூரில் 1693-இல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் மறவர் சீமையில் கால்நடையாகவே சுற்றி வந்தார். அவர் காலத்தில் நடந்து சென்ற தொலைவை இன்று ஒரு மணி நேரத்தில் கடக்கிறோம். வசதி பெருகியது; பொறுப்பும் அதனோடு பெருகிவிட்டது. கருவி கையில் இருந்தும் கவனக் குறைவால் அது நின்றுபோனால், கருவியே இல்லாதவரைவிட நாம் குற்றவாளிகள் அல்லவா?

எங்கள் பங்குத்தந்தை அதன் பிறகு மாற்றலாகிச் செல்லும் வரை, ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பங்கு இல்லத்து வேப்பமரத்தடியில் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டியின் அருகே அமர்வார். மறுநாள் திருப்பலிக்குக் கிளைக் கிராமங்களுக்குச் செல்ல வேண்டுமே! கிண்ணத்தைத் திறந்து பார்ப்பார்; வடிகட்டியைத் தட்டுவார்; ஒலியைக் கேட்பார். ஊர் இளைஞர் நால்வர் ஐவர் சுற்றி நின்று கற்றுக்கொண்டனர். அதன் பிறகு வண்டி வழியில் நின்றதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நின்றபோதெல்லாம் கால் மணி நேரத்தில் மீண்டும் புறப்பட்டது. அவ்வளவே.

மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியருள் முன்மதியுடைய ஐவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விளக்கு எல்லாரிடமும் இருந்தது. எண்ணெயைப் பற்றி முன்கூட்டியே நினைத்தவர் ஐவரே. ஓர் இரவில் அந்தக் கரிசல் பாதையில் சேற்றில் நின்ற எங்களுக்கு அவ்வுவமையின் பொருள் விளங்கிற்று. வாசகர்களே, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் வாசலில் நிற்கும் உங்கள் பழைய வண்டியின் அருகே ஒருமுறை செல்லுங்கள். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, அடிக் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். யாருக்காக எந்த இரவில் நீங்கள் புறப்பட வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.